பல் மருத்துவரின் நாலு மீன்கள்

வெள்ளிக்கிழமை காலை 9.10. பல் மருத்துவர் காத்திருப்பு அறையின் விளக்கைப் போட்டார். கண்ணாடித் தொட்டியில் மூன்று கோமாளி மீன்கள் மல்லாந்து மிதந்தன. நான்காவது பாறைக்கடியில் ஒண்டிக் கிடந்தது. வாங்கி நாலே நாள்தான் ஆகியிருந்தது.

10.30. மீன்வளத் துறை ஆய்வாளர் வந்தார். கடைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘முள்ளு’. தொண்டையில் சிக்கினால் லேசில் போகமாட்டாராம். அது அவருக்கும் தெரியும். இன்றைய வேலைதான் அவருக்குக் கசந்தது. மீன்களை விற்ற அம்மாளின் கடையில் ‘பண்ணையில் பிறந்த மீன்கள் மட்டும்’ என்று துறையே கொடுத்த பலகை தொங்குகிறது. பதினோரு வருஷம் நாயாய் உழைத்து வாங்கியது. புகார் உண்மையானால் சாயங்காலத்துக்குள் அதை அவர் கழற்ற வேண்டும்.

புகார் எழுதியவர் மருத்துவரின் மச்சான். தொட்டியைப் பார்த்துக்கொள்பவரும் அவரே. வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி பொரிந்தார்.

“பவளப்பாறைல மருந்து தெளிச்சு, மயக்கிப் பிடிச்ச மீன் சார் இது! வயிறு ஒட்டிக் கெடக்குது பாருங்க. பண்ணை மீன்னு சொல்லித் தலைல கட்டிட்டாங்க.”

முள்ளு குனிந்து பார்த்தார். மச்சான் சொன்னது சரி. மருந்து மீனேதான்.

“கடைலேர்ந்து எடுத்துட்டு வந்தது யாரு?”

“நான்தான். திங்கக்கிழமை.”

“தீனி?”

“ஐஸ்ல வச்ச இறால். மொத நாள்லேர்ந்தே அதான். ஒரு குறையும் வைக்கல.”

தொட்டிக்குப் பக்கத்தில் கடையின் இலவசத் தீனி டப்பா இருந்தது. முள்ளு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

11.45. மீன் கடை. அந்த அம்மாள் பலகைக்குக் கீழேயே நின்றிருந்தார்.

“என் கண்ணு முன்னாடி சாப்பிடாத மீனை நான் விக்கறதில்ல சார். டாக்டரையே நிக்க வச்சுக் காட்டினேன்.”

அம்மாள் தன் தீனி டப்பாவால் ஒரு தொட்டியின் விளிம்பில் மூன்று தட்டு தட்டினார். மீன்கள் முண்டியடித்துக்கொண்டு மேலே வந்தன.

“பொறந்ததுலேர்ந்து டப்பால இருக்கற இந்தக் குருணைத் தீனிதான். வேற எதுவும் தெரியாதுங்க இதுங்களுக்கு. கொண்டுபோறவங்க எல்லார்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன்.”

“மச்சான்கிட்டயும்?”

“ரெண்டு தடவை.”

1.20. மச்சானின் வீடு, மருத்துவமனைக்கு நேர் மாடியில். மருத்துவர், மச்சான், கடைக்கார அம்மாள் எல்லாரையும் முள்ளு அங்கே கூட்டிப் போனார். கூடத்தில் ஒரு பெரிய தொட்டி. ஏகப்பட்ட பாறை, மீன் ஒன்றையும் காணோம்.

“இதுல மீன் இல்லையா?”

“இருக்கு... பழசு ரெண்டு.”

முள்ளு பையிலிருந்த டப்பாவை எடுத்து நீட்டினார். மேலே ஒட்டிய வெள்ளிக் காகிதம் கிழியாமல் இருந்தது.

“செத்த மீனை எல்லாரும் பாத்தீங்க. இதை யாரும் பாக்கல. பண்ணை மீன் வாங்கினவன் மொத நாள் குருணையைத்தான் போட்டுப் பாப்பான். இவரு டப்பாவையே பிரிக்கல. நேரா இறாலுக்குப் போயிட்டாரு. கடல்ல பிடிச்ச மீனுக்குக் குருணை தெரியாது. தொட்டில இருக்கறது கடை மீன் இல்லைன்னு அவருக்கு மொத நாளே தெரியும். ஏன்னா மாத்தி விட்டதே அவருதான்.”

“வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!”

முள்ளு தொட்டிப் பக்கம் திரும்பினார். டப்பாவால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டினார்.

பாறை இடுக்கிலிருந்து நாலு கோமாளி மீன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்து வாயைப் பிளந்தன.

“அடி என் தங்கங்களா!” கடைக்கார அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டார்.

மச்சான் தரையைப் பார்த்தார். “கைக்கே வந்து சாப்பிடுதேன்னு ஆசையாயிருச்சு. பல்லு பிடுங்க வர்றவங்களுக்கு எந்த மீனா இருந்தா என்னன்னு துறைமுகத்துல நாலு வாங்கிப் போட்டேன். செத்ததும் அத்தான் திட்டுவாரேன்னு பழியைக் கடை மேல...”

“பலகை அங்கேயே தொங்கட்டும்மா,” என்றார் முள்ளு.

மருத்துவர் மச்சானின் வீங்கிய கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

“கீழ வா மாப்ளே. அந்தக் கடைவாய்ப் பல்லை இப்பவே எடுத்துடலாம். உனக்குத்தான் மயக்கிப் பிடிக்கறது பிடிக்காதே. ஊசி வேண்டாம்.”