ஆமென் சொல்லாத வியாழன்

“…பெத்த தாயைத் தனியா விட்டுட்டுச் சம்பாதிக்கப் போனவங்களையும் மன்னியும் ஆண்டவரே…”

எபநேசரின் குரல் கூடத்தில் கணீரென்று ஒலித்தது. மூடிய கண்ணும் கூப்பிய கையுமாக, அடேயப்பா, என்ன பக்தி! பக்கத்தில் மண்டியிட்டிருந்த அவர் மனைவி ஜெயமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்றைக்குமா? புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை காலையிலுமா?

நேருக்கு நேர் திட்டினால் பதில் சொல்லலாம். ஆண்டவரிடம் பேசுகிற சாக்கில் குத்தினால் யார் என்ன சொல்ல முடியும்? மாமியார் சரோஜம்மாள் இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் போதும், விடியற்காலைக் குடும்ப ஜெபத்தில் இந்த வரி தவறாமல் வந்துவிடும். வீடே ஆமென் சொல்லும். ஜெயமணியும் சேர்ந்து சொல்வாள். தன்னையே குற்றவாளியாக்கும் ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் உப்புமா கிளறுவாள். எத்தனை நாள்தான் பொறுப்பாள், அவளும் மனுஷிதானே!

“ஆமென்” என்றார் எபநேசர். அவருடைய தம்பி கிதியோனும், கிதியோனின் மனைவி சுகுணாவும் ஆமென் சொன்னார்கள்.

ஜெயமணி வாயைத் திறக்கவில்லை.

“என்ன ஜெயா, தூங்கிட்டியா?”

“இல்லீங்க. நல்லா முழிச்சிட்டுதான் இருக்கறன்.”

அந்த வீட்டில் ஒரு பழக்கம். பெரிய வியாழன் சாயங்காலம் சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து. மனதில் பகையை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்பதால், காலை ஜெபம் முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். கிதியோன் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தான். ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் பஸ் தெருமுனைக்கு வரும் நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணியின் முன்னால் வந்து நின்றான்.

“அண்ணி, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க.”

வருஷா வருஷம் இதே வார்த்தைதான். ஏதாச்சும்! ஜெயமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மன்னிக்க மாட்டன்.”

கிதியோன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“என்ன தப்புன்னு உன் வாயால சொல்லு. சொன்னா மன்னிக்கறன்.”

“அண்ணி… பஸ்ஸு வந்துரும்…”

“போவட்டும்! சாயங்காலம் பந்தியில கை நீட்டப் போற இல்ல? அதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போ!”

“ஜெயா!” என்று எபநேசர் எழுந்தார். “பரிசுத்த நாளும் அதுவுமா என்னா ஆட்டம் இது? எங்கம்மாவத்தான் பாத்துக்கல. என் தம்பியையாவது நிம்மதியா இருக்க விடேன்!”

போதும். அந்த வார்த்தையோடு ஜெயமணியின் பொறுமை தீர்ந்தது. விடுவிடுவென்று மூலையில் இருந்த டிவியிடம் போனாள். சரோஜம்மாள் காலத்துச் சட்டம், சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை அதைப் போர்வையால் மூடி வைத்துவிடுவார்கள். ஜெயமணி அந்தப் பூப்போட்ட போர்வையை உருவி, கிதியோனின் காலடியில் எறிந்தாள்.

“இத மூடி வச்சிருந்த அந்த ஞாயித்துக்கெழம, நீ எங்கடா இருந்த?”

ஒருநாளும் அவனை ‘டா’ போட்டுப் பேசாதவள். கிதியோனின் முகம் வெளுத்துப் போயிற்று.

அது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். ஜெயமணியும் அப்போது ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கூடுதல் ஷிப்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சரோஜம்மாள் கைகால் விழுந்து, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த சமயம். எபநேசர் சபைக் கூட்டத்துக்குக் கிருஷ்ணகிரி போயிருந்தார். “நீங்க போங்க அண்ணி, நான் இருக்கறன்” என்று சொன்னவன் கிதியோன்தான். அன்றைக்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியா ஆடுகிறது, வீட்டிலோ டிவிக்குப் போர்வை! சிநேகிதன் வீட்டுக்கு நழுவிவிட்டான். சரோஜம்மாள் குளியலறையில் விழுந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை.

அவள் உயிர் பிரிந்த ஆஸ்பத்திரியில் அவன் ஜெயமணியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். சுகுணாவை நிச்சயம் செய்திருந்த நேரம், அவள் அப்பா சபையில் போதிக்கும் உபதேசியார், தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும். “கல்யாணம் முடியட்டும் அண்ணி, நானே அண்ணங்கிட்ட சொல்லிடறன்.” அவன் வாழ்க்கை கெடக் கூடாதே என்று ஜெயமணி பழியைச் சுமந்தாள். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் மாமியாரைத் தனியாகப் போட்டுவிட்டுப் போனவள் என்று சபையே பேசியது. வேலையை விட்டாள். கல்யாணமும் முடிந்தது. அவனோ வாயே திறக்கவில்லை.

“ஏங்க…” சுகுணா புருஷன் பக்கம் திரும்பினாள். “வாலிபர் கூட்டத்துக்குப் போயிருந்தன்னுதான எங்கிட்ட சொன்னீங்க?”

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பிறகு கிளம்பிப் போய்விட்டது.

“மேட்ச் பாக்கப் போயிட்டன் அண்ணா!” கிதியோன் உடைந்தான். “அம்மாவப் பாத்துக்கறன்னு அண்ணிகிட்ட நான்தான் சொன்னன்… அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்னு போனன்… அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல… சொல்லாதீங்கன்னு நான்தான் கால்ல விழுந்தன்!”

எபநேசர் பாய்ந்து வந்து கையை ஓங்கினார். ஜெயமணி அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

“இவன அடிச்சிடுவீங்க. நாலு வருஷமா ஜெபத்துல என்னை அடிச்சீங்களே, அதுக்கு யாரை அடிக்கறது?”

கை தளர்ந்து கீழே இறங்கியது. எபநேசர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

“ஜெயா… நானும் ஏதாச்சும்…”

அவள் பார்த்த பார்வையில் அந்த வார்த்தையை விழுங்கினார்.

“ஆண்டவர்கிட்ட பேசற மாதிரி உன்னைக் குத்தினன். உன் மூஞ்சியப் பாத்து ‘என்ன நடந்துச்சு’ன்னு ஒரு வார்த்தை கேக்கலையே… பாவி, கேக்கலையே!” வாய்விட்டு அழுதார்.

“கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டன்” என்றாள். அவளுக்கும் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை. தணிய வேண்டிய அவசரமும் அதற்கு இல்லை.

கிதியோன் காலில் விழப் போனான். தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னொரு தடவ என் கால்ல விழாத. சொன்னா மன்னிக்கறன்னு சொன்னன், மன்னிச்சிட்டன். கோவம் போவ நாளாவும். அது வரைக்கும் பொறுத்துக்க.”

“அக்கா…” என்று சுகுணா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஜெயமணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, மெல்ல விலகி, பாயில் மண்டியிட்டாள்.

“ஜெபம் இன்னும் முடியல. இன்னிக்கு நான் பண்றன். எல்லாரும் முழங்கால் போடுங்க.”

எபநேசர் தவழ்ந்தபடியே வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

“ஆண்டவரே, எங்க அத்தைய நான் தனியா விட்டுட்டுப் போவல.”

அவ்வளவுதான் ஜெபம். ஜெயமணி கண்ணைத் திறந்து, புருஷனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். விம்மலை அடக்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சொன்னார்.

“ஆமென்.”