மேற்குச் சாளரத்து முகம்

வெள்ளாறு அன்று மாலை செம்பை உருக்கி வார்த்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. நாணற்புதர்களில் குருகுகள் அடங்கத் தொடங்கியிருந்தன. அக்கரையில் மேல்குன்றத்து அரையரின் பாசறைக் கொடிகள் காற்றில்லாமல் துவண்டு கிடந்தன. இக்கரையில், நெடுங்கரைக் கோட்டையின் மேற்கு மதிலடியில், வரிசை வரிசையாக விறகு அடுக்கியிருந்தார்கள். நாற்பது நாள் முற்றுகையில் அந்த ஒரு நாள்தான் வில்லுக்கும் வேலுக்கும் ஓய்வு. இருதரப்பாரும் தத்தம் பிணங்களை எடுத்து எரித்துக்கொள்ளலாம். பொழுது அடைந்தால் மறுபடி போர் என்பது ஏற்பாடு.

அந்த ஓய்வுக்கு அரையர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். "நெடுங்கரை மன்னர் அதிமாறர் அம்பு பட்டு இறந்துபோனதாகப் பேச்சு அடிபடுகிறது. உயிரோடு இருப்பது மெய்யானால் எம் ஓவியர் வந்து அவர் முகத்தை எழுதிக்கொண்டு வரட்டும்" என்பது அவர் அனுப்பிய ஓலை.

வாசகர்களே, பேச்சு பொய்யல்ல. அதிமாறர் இறந்து இரண்டு நாளாயிற்று. அவருடைய உடல் அந்தப்புரத்து நிலவறையில் எண்ணெய்த் தொட்டிக்குள் கிடந்தது. மேல்மாடத்துச் சித்திர மண்டபத்தில் அவருடைய பட்டையும் பதக்கத்தையும் அணிந்து, அவருடைய இருக்கையில் அமர்ந்திருந்தவனோ, மதில் வேலைக்குக் கல் சுமக்கும் குன்றன்.

முகச்சாயல் எப்படி எப்படியோ வாய்த்துவிடுகிறது. "என்ன ராசா, கல்லு கனக்குதா? பல்லக்கு கொண்டாரச் சொல்லவா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் இருபது வருஷமாக அவனைக் கேலி பேசி வந்தார்கள். அந்தக் கேலி எப்படியோ அரசி இளங்கோதையாரின் காதுக்கு எட்டியிருந்தது. மேலாற்றிலிருந்து உதவிப்படை வந்து சேர இன்னும் மூன்று நாள் ஆகும். அதுவரை மன்னர் உயிரோடிருந்தாக வேண்டும்.

குன்றனுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அவன் மகன் நீலன், பத்தொன்பது வயசுப் பிள்ளை, அன்று விடியலில், ஓய்வு தொடங்குமுன், மதில்மேல் அம்பு பட்டு விழுந்தான். தாயில்லாப் பிள்ளை. வடக்கிலிருந்து மூன்றாவது விறகடுக்கில் அவனைக் கிடத்தியிருந்தார்கள்.

"படம் முடிந்ததும் சுரங்கப் படி வழியாக உம்மைக் கரைக்கு அனுப்புகிறேன். பொழுது அடையுமுன் உம் கையாலேயே தீ வைக்கலாம்" என்று அரசி வாக்குக் கொடுத்திருந்தார். "தொண்டையில் காயம் என்று சொல்லியிருக்கிறேன், வாய் திறக்க வேண்டாம். சிரித்த முகமாக மட்டும் இரும்."

குன்றன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது.

ஓவியர் ஐயாறனார் ஐம்பது வயதைக் கடந்தவர். மெலிந்த தேகம், மை படிந்த நகங்கள். மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருக்கையைச் சுற்றிப் பன்னிரண்டு குத்துவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன; சாளரங்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"தேவி, பகலில் இத்தனை விளக்கு எதற்கு?"

"மன்னர் திருமுகம் தங்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்றுதான், ஓவியரே."

"எல்லாப் பக்கமும் வெளிச்சம் விழுந்தால் முகம் செய்து வைத்த பொம்மையாகிவிடும். கன்னத்தில் நிழல் வேண்டும், கண்ணுக்குக் கீழே நிழல் வேண்டும். மனிதர் மனத்தில் இருப்பது அந்த நிழலில்தான் தங்குகிறது."

சொல்லிக்கொண்டே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். மேற்குச் சாளரத்தில் ஒரு கதவை மட்டும் திறந்து, வெயில் முகத்தில் அறையாதபடி மெல்லிய வெள்ளைத் துணியை மேற்பாதியில் கட்டினார். எதிர்ப்பக்கம் ஒரு வெண்கலத் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தார். நிழல் விழுந்த கன்னத்தில் சன்னமான ஒளி ஊர்ந்து ஏறியது.

"மன்னர் பெருமான் சாளரத்தைப் பார்க்கட்டும். தேவி, மகுடத்தைச் சூட்டிவிடலாம்."

அரசி மகுடத்தை எடுத்து வந்தார். அது உச்சந்தலையில் பட்டதுதான் தாமதம். குன்றனின் கழுத்து விறைத்தது, வலது பாதம் ஒரு சாண் முன்னே நகர்ந்து ஊன்றியது, இரண்டு கைகளும் தாமாக எழுந்து மகுடத்தின் ஓரங்களைப் பற்றிக்கொண்டன. "உஸ்ஸ்..." என்று வாயால் காற்றையும் விட்டான். சுமையை ஏற்றிக்கொள்கிறவர்கள் விடுவார்களே, அந்த மூச்சு.

அரசியின் முகம் வெளுத்தது. ஐயாறனார் ஒன்றும் காணாதவர்போல் வண்ணச் சிமிழ்களைத் திறந்தார்.

"தேவி திரைக்கு அப்பால் இருந்தருளினால் எனக்கு வேலை ஓடும்."

அரசி திரைக்குப் பின்னே போனார். ஓவியர் கரிக்கோலால் நாலு கோடு இழுத்தார். தலை நிமிராமலே தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எத்தனை வருஷமாய்ச் சுமை தூக்குகிறீர்?"

அடுத்த கணம் திரை விலகியது. அரசியின் கையில் குறுவாள் மின்னியது.

"வேணாம் தாயே!" குன்றன் எழுந்து குறுக்கே நின்றான். "இவரு திரும்பிப் போகலன்னா இப்பவே அம்பு பறக்கும். எம் புள்ள இன்னும் வெறும் விறகு மேலதான் கிடக்கிறான்."

குறுவாள் மெல்லத் தாழ்ந்தது.

"உட்காரும்" என்றார் ஐயாறனார். அவர் குரலில் பயமில்லை, அலுப்புதான் இருந்தது. "என் அரையர் அதிமாறரைக் கண்டவரல்லர், நானும் கண்டதில்லை. ஆள் யார் என்பது இருக்கட்டும், அந்த முகத்தில் பயம் இருக்கிறதா என்று பார்த்து வரத்தான் என்னை அனுப்பினார். அக்கரையில் ஏணிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் நுழைந்தபோது உம் உதட்டில் இருந்த அந்தச் சிரிப்பை எழுதிக்கொண்டு போனால், உள்ளே எவனோ நடுங்குகிறான் என்று ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பொழுது அடைந்ததுமே ஏணிகள் ஆற்றைத் தாண்டிவிடும்."

"அதனால் உமக்கென்ன நட்டம்?" என்றார் அரசி.

"ஏணியில் முதலில் ஏறுகிறவர்கள் என் ஊர்ப் பிள்ளைகள், தேவி. காலையில் ஏழு பேரின் பிணத்தை அடையாளம் காட்டிவிட்டு வந்தேன்."

அரசி குறுவாளை உறையில் போட்டார்.

"காணாத முகத்தை எழுதேன் என்று தூரிகைமேல் சத்தியம் செய்தவன் நான்" என்று ஓவியர் தொடர்ந்தார். "பொய் எழுத மாட்டேன். ஐயா, கீழே அந்த விறகடுக்கை நீர் பார்க்கிறபோது ஒரு முகம் வருகிறதே, அதைக் கொடும். அது போதும்."

"எவ்வளவு நேரமாகும் சாமி?"

ஐயாறனார் வெயிலை அளந்தார். "இந்த வெளிச்சம் இருக்கிற மட்டும். அடையும்போது முடியும்."

குன்றனுக்கு விளங்கிவிட்டது. படம் முடிந்தால் பொழுது முடிந்தது. இப்போது எழுந்து போனால் மகனுக்குத் தீ வைக்கலாம். பாதிப் படம் அக்கரைக்குப் போகும், ஏணிகள் இக்கரைக்கு வரும். அவன் அரசியைப் பார்த்தான். வாக்குக் கொடுத்தவர் அல்லவா, அவர் தலை குனிந்து, "போவதானால் போம், தடுக்கமாட்டேன்" என்றார்.

கீழே மதில் தெரிந்தது. அதில் எந்த வரிசைக் கல் தன் தலையில் வந்தது என்று குன்றனால் இன்றைக்கும் சொல்ல முடியும். அந்த மதிலை விடக்கூடாது என்றுதானே பிள்ளை நின்றான்!

"எழுதுங்க" என்று சொல்லிச் சாளரத்தின் பக்கம் திரும்பினான்.

அதன்பின் அவன் எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது அடுக்கைச் சுற்றி நின்றவர்கள் கோட்டை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தகப்பன் எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். வெயில் மஞ்சளாகிச் சிவப்பாகியது. கடைசியில் கூட்டாளி சடையன், இனிப் பொழுது தாங்காது என்று, தானே கொள்ளியை வாங்கினான். குன்றனின் தாடை இறுகியது. கண்ணில் நீர் திரண்டு, விழாமல் நின்றது. பாதி முகத்தில் மாலை ஒளியும் பாதி முகத்தில் இருளுமாக அவன் அமர்ந்திருந்த கோலத்தைக் கண்டு, முப்பது வருஷம் முகங்களையே எழுதிப் பழகிய ஓவியரின் கை ஒருமுறை தயங்கியது. பிறகு வேகமாக ஓடியது.

தீ எழுந்தது. கதிரவன் விழுந்தான்.

ஓவியர் பலகையைத் திருப்பிக் காட்டினார். அதில் இருந்தவன் அதிமாறர் அல்லன். கல் சுமப்பவனும் அல்லன். இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாத ஒரு மனிதன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யார் என்று அரையர் கேட்டால்?" என்றார் அரசி.

"கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், தேவி. ஆனால் இதைப் பார்த்தபின் கேட்கத் தோன்றாது என்றே நினைக்கிறேன்." அவர் குன்றனை நோக்கிக் கைகூப்பினார். அரசருக்குக் கூப்பிய கை அல்ல அது.

படகு அக்கரை சேர்ந்தது. ஏணிகள் சாய்த்திருந்த இடத்தில் வரிசையாகத் தீவட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. அரசியும் குன்றனும் சாளரத்தருகே மூச்சடக்கி நின்றார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு தீவட்டி அணைந்தது, இன்னொன்று, அப்புறம் அந்த வரிசையே இருளில் மறைந்துபோயிற்று.

அரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கூந்தலில் பூ, நெற்றியில் திலகம், கழுத்தில் தாலி. இரண்டு நாளாக வாய்விட்டு அழ முடியாத பெண். எரியும் கரையின் மங்கிய செவ்வொளியில் அந்த முகத்தைக் குன்றன் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தான்.

"வாக்குத் தவறினேன், அண்ணா" என்றார் அவர்.

அந்த முறைச்சொல் காதில் விழுந்ததும் குன்றன் உடைந்து அழுதான். "மூணு நாள் இருக்கிறேன் தாயே. நீங்க சொல்ற இடத்துல உட்காருறேன். ஆனா எலும்பு பொறுக்க நான்தான் போவணும். வேற கை படக்கூடாது."

அரசி எழுந்து, புகைந்துகொண்டிருந்த கரையை நோக்கி வலக்கையை நீட்டினார்.

"நெடுங்கரை மண்மேல் ஆணை. உம் கையால் உம் மகனின் எலும்பு இந்த ஆற்றில் இறங்கிய பிறகே என் கணவரின் உடலுக்குத் தீ. அதுவரை அரசரும் காத்திருப்பார்."