கேமராவை மூடிய பொட்டு

தங்கையின் லேப்டாப் கேமராவில் ஒட்டியிருந்த அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டைக் காணவில்லை. மாடியறையில் தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த புவனேஷ் முதலில் கவனித்தது அதைத்தான். பொட்டு இருந்தவரை அவன் திரையில் அந்தக் கேமராவின் சதுரம் இருட்டாகவே கிடக்கும். இன்றைக்கு அதில் கீழே ஜெயபிரியாவின் அறை பளிச்சென்று தெரிந்தது. கட்டில், பச்சைத் திரைச்சீலை, சாத்திய கதவு, காலி நாற்காலி.

அவளோ அம்மா அப்பாவோடு இலத்தூருக்கு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனைத் தவிர ஆளில்லை. பொட்டை எடுத்தது யார்?

போன் செய்து கேட்கவும் முடியாது. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பாள்.

இந்த அண்ணன் தங்கைச் சண்டை குற்றாலத்தை ஒட்டிய மேலகரம் முழுக்கப் பிரசித்தம். புவனேஷின் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தால் செங்கோட்டை ரயில் மலையேறுவதுபோல் இரையும். எதிர்வீட்டுச் சொக்கம்மாள் இடி இடிக்கிறதென்று வடகத்தை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஜெயபிரியாவுக்கு அப்பா வாங்கிக்கொடுத்த லேப்டாப்போ பூனைக்குட்டி மாதிரி மடியில் சத்தமில்லாமல் கிடக்கும். ஆனால் வைஃபை அவனுடைய சாம்ராஜ்யம். எரிச்சல் வந்தால் அவளுக்கு மட்டும் நெட்டை நத்தையாக்கிவிடுவான்.

"ஏ அண்ணே, நெட்டைத் திறந்து விடுதியா, இல்ல ரவுட்டரைத் தூக்கிப் பேரருவியில போடட்டுமா?" என்று கீழேயிருந்து கத்துவாள்.

"போடுட்டி. அங்கனயாவது வேகமா வரட்டும்."

அதுவரை விளையாட்டு. பழுது பார்த்துத் தருகிறேன் என்று லேப்டாப்பை வாங்கி, அவள் திரையும் கேமராவும் தன் திரையில் தெரியும்படி ஒரு புரோகிராமைப் போட்டுவைத்தது விளையாட்டில் சேராது. பெங்களூரிலிருந்து அவளுக்கு வேலை கிடைத்து வந்த மெயிலை அப்படித்தான் படித்தான். வாய் தவறினதுபோல் அப்பா காதில் போட்டான். அப்பா குதித்த குதியில் ஓடு பறக்கவில்லை, அவ்வளவுதான். வேலை போயிற்று.

பேரருவியில் குளித்துவிட்டு வந்தவனைக் கோயில் பக்கம் மறித்து, "நீதானா அண்ணே?" என்றாள். இடுப்பில் கோடுபோட்ட துண்டு. தலையிலிருந்து நல்லெண்ணெயும் தண்ணீரும் சொட்டச் சொட்ட, "குற்றாலநாதர் மேல சத்தியமா நான் இல்லட்டி" என்றான். நம்பிவிட்டாள். நம்பினதோடு விட்டாளா? "நீ செய்ய மாட்டே, எனக்குத் தெரியும்" என்று தன் துப்பட்டாவால் அவன் தலையைத் துவட்டியும் விட்டாள். அந்த நிமிஷமே அருவி தன்னை அடித்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

இன்றைக்கு அந்தப் புரோகிராமை அழித்துவிடத்தான் உட்கார்ந்தான். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு தடவை பார்ப்போமே என்றுதான் திறந்தான்.

வெளியே சாரல். நடுப்பகலிலேயே சூரியனை ஈரச் சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்ட மாதிரி ஓர் இருட்டு. மலையிலிருந்து இறங்கிய காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து, சுவரை நனைத்து, மாடிப்படியின் அடியிலிருந்து பாசி வாடையையும் அதோடு இன்னொரு வாடையையும் மேலே கொண்டுவந்தது. நல்லெண்ணெய். இந்த வீட்டில் யாரும் இன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை.

ஸ்பீக்கரில் ஒரு சத்தம். சொட்டு. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மழையில்லை. கீழறைக்குள் விழுகிற சொட்டு.

திரையில் ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

கோடுபோட்ட துண்டு. ஈரத்தலை. நெற்றி நடுவில் அரக்கு நிறப் பொட்டு. அதன் கீழே, புவனேஷின் முகம்.

புவனேஷ் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. திரையில் இருந்தது தொடவில்லை. நேராக அவனைப் பார்த்தது.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

"அண்ணே, நான் மட்டும் வந்துட்டேன். அம்மாவும் அப்பாவும் நாளைக்குத்தான் வாராவ!"

ஜெயபிரியா. கத்தினால் போதும். அறைக்குள் போகாதட்டி, உள்ளே ஒருத்தன் இருக்கிறான். 'உனக்கு எப்படித் தெரியும்?' அந்த ஒரு கேள்வி அவனைத் தடுத்தது. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நேரம்தான்.

திரையில் கதவு திறந்தது.

"ஏ அண்ணே! ஈரத் துண்டோட இங்கன என்ன பண்ணுதே? நாற்காலி நாசமாப் போவுது!"

அது சிரித்தது. அவனுடைய சிரிப்பு. நெற்றிப் பொட்டை உரித்தது. விரல் திரையை நோக்கி வந்தது. பெரிதாக. இன்னும் பெரிதாக.

இருட்டு.

தாழ்ப்பாள் விழுந்தது.

படிகளில் உருண்டான் என்றே சொல்லலாம். கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

"பிரியா! திறட்டி! உள்ள இருக்கது நான் இல்ல!"

உள்ளேயிருந்து அவள் குரல். "யாரு அது? அண்ணே, உன் குரல்லயே பேசுதான்..."

"நான்தாட்டி, புவனேஷ்!"

"அவன் இங்கன இருக்கான்."

அவளிடம் காட்ட அவனிடம் ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது.

"உன் லேப்டாப்புல புரோகிராம் போட்டவன் நான். மெயிலைப் படிச்சவன் நான். அப்பாட்ட சொன்னவன் நான். அந்தச் சத்தியம் பொய்ட்டி!"

"அப்ப நீ எங்க அண்ணன் இல்ல," என்றாள் ஜெயபிரியா. "அவன் அப்படிச் செய்ய மாட்டான். செய்ய மாட்டேல்ல அண்ணே?"

"மாட்டேன்ட்டி," என்றது அவன் குரல், உள்ளேயிருந்து. "கதவைத் திறக்காத."

"தலையைக் காட்டு. துவட்டி விடுதேன்."

துணி உரசும் சத்தம். மெதுவாக. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணே... தண்ணி நிக்கவே மாட்டேங்குதே?"

அவள் குரல் அதற்குமேல் வரவில்லை. கதவடியில் தண்ணீர் கசிந்து, எண்ணெய் மினுங்க, ஐஸ் மாதிரி அவன் பாதத்தைத் தொட்டது. அதில் மிதந்துவந்த அரக்கு நிறப் பொட்டு ஒன்று அவன் கால்விரலில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே அருவி விழத் தொடங்கியது.