மாதாவுக்கு நேர்ந்த மூச்சு

தாடிக்கொம்பு சாலையில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு ரீனா கல்யாணமாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முன்பு அது புகையிலை மூட்டைகளை அடுக்கிவைத்த கிட்டங்கி. மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் இன்னமும் அந்தக் கார நெடி கிளம்பும்.

தனக்கு வீசிங் இருப்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தாள். அதெல்லாம் ஒரு விஷயமா என்று பிரின்ஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். அவனுடைய முதல் மனைவி கிளாரா நெஞ்சுவலியில் இறந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் நெஞ்சு இறுகியது. மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்பைத் தேடித் தலையணைக்கு அடியில் கையை விட்டாள்.

பம்பு இல்லை.

பிரின்ஸைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. பார்க்கவே இல்லை என்றான். செத்த நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, வெந்நீர் வைக்க அடுக்களைக்குப் போனான்.

படுத்தால் மூச்சிரைப்பு கூடும் என்பது அவளுக்குத் தெரியும். கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள். நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

விசில் நிற்கவில்லை.

அது கூடத்திலிருந்து வந்தது. யாரோ ஒரு பெண். இழுத்த மூச்சை வெளியே விட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

ரீனா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி எரிந்தது. காற்றே இல்லை. சுடர் மட்டும் உள்பக்கம் சாய்ந்தது. வெளிப்பக்கம் சாய்ந்தது. மறுபடி உள்பக்கம்.

சுரூபத்தை நகர்த்தினாள்.

அவளுடைய நீலப் பம்பு, ஜெபமாலை சுற்றி. அருகில் தூசி படிந்து வேறு இரண்டு.

தன்னுடையதை எடுத்து ஒருமுறை அமுக்கி இழுத்தாள். பொறுத்து, மறுபடி. மெல்ல மெல்ல நெஞ்சு திறந்தது.

பிரின்ஸ் வெந்நீர்ச் செம்போடு நின்றிருந்தான்.

“பழகிரும்னு பயந்தேன் ரீனா. இனி உன்னை அதைத் தொட விடமாட்டேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்.”

“பழகாதுன்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்ட எத்தன வாட்டி சொல்லிருக்கேன்.” அவள் சுரூபத்தின் பக்கம் கை காட்டினாள். “அது ரெண்டும் யாரோடது?”

அவன் செம்புக்குள் பார்த்தான்.

“கிளாராவோடது.”

“அவ கேக்கலையா?”

“கேட்டா. பாக்கலைன்னு சொன்னேன்.”

ரீனா பம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். நல்லதை நினைத்துத்தான் செய்தேன் என்றான். மழையில் எங்கே போகிறாய் என்றான். அவள் செருப்பை மாட்டினாள்.

ஆளில்லாத கூடத்தில் பம்பை அமுக்கும் சத்தம் கேட்டது.

அவன் பேச்சு அறுந்தது.

“நீதான அமுக்குன?”

அவள் கேட்டைத் திறந்து மழையில் இறங்கினாள்.

உள்ளே மறுபடி சத்தம். மறுபடியும். அவசர அவசரமாக.

விசில் குறையவே இல்லை.