எடை ஏறும் புத்தகப் பெட்டி

யானையின் பாசம் கிலோ முப்பது ரூபாய். நாயின் நன்றியும் அதே விலைதான். பேசும் கிளி, பால் தரும் பசு, எஜமானைத் தேடி ஊர் ஊராக ஓடிய குதிரை, எல்லாவற்றுக்கும் ஒரே ரேட்டு. கொஞ்சம் பேரம் பேசினால் இருபத்தெட்டுக்கும் கிடைக்கும்.

நம்பாதவர்கள் பெங்களூரு ஜோகுபாளையத்தில் கிளெமென்ட்டின் பழைய பேப்பர் கடைக்கு வந்து பார்க்கலாம். டிரேவர் என்ற கால்நடை டாக்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போனபோது, தன் புத்தகங்களை எல்லாம் அங்கேதான் எடைக்குப் போட்டார். ஒன்றிரண்டு வளர்ப்பு நூல்களைத் தவிர அத்தனையும் மனிதர்களும் விலங்குகளும் ஒன்றாக வாழும் கதைகள்.

அவற்றைத் தேடி ஒரு திங்கட்கிழமை சௌம்யா டீச்சர் வந்தார். சந்தாபுராவில் அவர் வேலை செய்யும் பள்ளியில் தசரா லீவு முடிந்ததும் புதிதாக நூலகம் திறக்கப் போகிறார்கள்.

"முப்பது ரூபா மேடம். டாக்டர் வீட்டுச் சரக்கு. ஒரு பக்கம் கிழிஞ்சிருக்காது" என்றார் கிளெமென்ட்.

"இருபத்தஞ்சு."

"உள்ளே யானை இருக்கு மேடம். யானையைப் போய் இருபத்தஞ்சுக்குக் கேக்கறீங்களே!"

"யானை படம்தானே சார் இருக்கு?"

இருபத்தெட்டில் முடிந்தது.

டீச்சர் தானே ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கினார். தானே கயிறு கட்டினார். முடிச்சின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். போன வருஷம் ஒரு கடையில கதைப் புத்தகமா பாத்து எடுத்து வெச்சேன். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சா, பூரா பழைய டெலிபோன் டைரக்டரி. அதிலிருந்து இப்படித்தான்."

கடையின் பின்மூலையில் தரையோடு ஒரு பெரிய மின்தராசு இருந்தது. பெட்டியை அதன் மேல் ஏற்றினார்கள். எண் ஒளிர்ந்தது: 21.400. டீச்சர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்து ஒரு பூட்டு. எடை இன்னொரு பூட்டு. சனிக்கிழமை ஆட்டோவில வந்து எடுத்துக்கறேன். அப்பவும் இதே இருபத்தொண்ணு நானூறு இருக்கணும். எல்லாம் சரியா இருந்தா, இனிமே மாசாமாசம் உங்ககிட்டதான் வாங்குவேன்."

"இது கிளெமென்ட் கடை மேடம். ஒரு கிராம் மாறாது" என்றார் கிளெமென்ட், மார்பைத் தட்டி.

கடையில் வேறு இடம் இல்லாததால் பெட்டி தராசின் மேலேயே நின்றது. சில்லறை எடைக்கு முன்பக்கம் ஒரு தொங்கு தராசு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியதும் கிளெமென்ட்டின் மகள் லீனாதான் முதலில் பார்த்தாள். லீனாவுக்குப் பத்து வயது. லீவு விட்டால் கடைதான் அவள் விளையாட்டு மைதானம்.

"டாடி, எடை ஏறியிருக்கு!"

24.850.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கயிறு அப்படியே இருந்தது. கையெழுத்தும் அப்படியே இருந்தது.

"ராத்திரி மழை பேஞ்சுதில்ல? காகிதம் ஈரம் குடிச்சிருக்கும்."

"மூணரை கிலோ ஈரமா டாடி?"

"நல்லாப் படிச்ச புத்தகம். நல்லாக் குடிக்கும்."

மத்தியானம் பார்த்தால் 21.800. அப்பாவுக்கு மூச்சு வந்தது. "பாத்தியா, காஞ்சிடுச்சு." சாயங்காலம் பார்த்தால் மறுபடி 24.850. வந்த மூச்சு திரும்பிப் போய்விட்டது.

தராசில்தான் கோளாறு என்று ஐந்து கிலோ இரும்புக் கல்லைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். சரியாக ஐந்து கிலோ ஏறியது. எடுத்தார், இறங்கியது. தராசு யோக்கியமான தராசு. அப்படியானால் பெட்டிதான் ஏதோ செய்கிறது.

பக்கத்தில் டீயும் ஆம்லெட்டும் போடும் நாகேஷ் எட்டிப் பார்த்தார். "கிளெமென்ட்டண்ணா, உங்க புக்குங்க வெளியே போய்த் தின்னுட்டு வருது போல!"

"உன் டீயைக் குடிக்கற மனுஷங்களே எடை ஏறறதில்ல. புக்கு எங்க ஏறப்போகுது? போப்பா."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு புதன்கிழமை வரைக்கும்தான் நீடித்தது.

புதன்கிழமை மாலை சௌம்யா டீச்சர் அந்தப் பக்கமாக வந்தவர் சும்மா எட்டிப் பார்த்தார். 24.900. முகம் மாறிவிட்டது.

"என்ன சார் இது? மூணரை கிலோ ஜாஸ்தி!"

"மேடம், முடிச்சைப் பாருங்க. நான் தொடவே இல்ல."

டீச்சர் முடிச்சைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். அவருக்குக் கோபப்படுவதா குழம்புவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

"எனக்குப் புரியலை சார். ஆனா பூட்டின பெட்டி தானா எடை ஏறாது. சனிக்கிழமை இருபத்தொண்ணு நானூறு இல்லேன்னா எனக்கு இந்தப் பெட்டியே வேண்டாம்."

தெருவில் பேச்சு பரவ எவ்வளவு நேரம்? வியாழக்கிழமை ஒருவர் பழைய பேப்பரோடு தன் வீட்டுத் தராசையும் கொண்டுவந்தார். இன்னொருவர் கடை வாசல் வரை வந்து, யோசித்து, பேப்பர் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு கடைக்கு நடந்தார்.

அப்பா அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"பதினேழு வருஷம் லீனா. விலையில கொஞ்சம் முன்னே பின்னே பேசியிருப்பேன். எடையில கை வெச்சதே கிடையாது."

லீனா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, செவ்வாயும் புதனும் பார்த்த எண்களை முதலில் எழுதினாள். பெட்டிக்கு எதிரே பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, எண் மாறும்போதெல்லாம் எண்ணையும் நேரத்தையும் எழுத ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை வரை எழுதினாள். படித்துப் பார்த்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். பெட்டி ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இளைத்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோ ஐம்பது கிராம்தான் குறைந்தது. கால் மணி நேரத்தில் பழையபடி ஏறியது. இளைத்திருக்கும்போதும் அது இருபத்தொன்று நானூறுக்கு வரவில்லை. செவ்வாய் 21.800. புதன் 21.850. வியாழன் 21.900. தினமும் ஐம்பது ஐம்பது கிராமாகப் பெட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை. நாகேஷ் ஒரு முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றி, ஸ்பூனால் டகடகவென்று அடித்தார். லீனாவின் கண்ணெதிரே எண் சட்டென்று இறங்கியது. 25.000. 21.950.

பெட்டிக்குப் பக்கத்தில் ஆளே இல்லை!

லீனா நாகேஷின் கடைப்பக்கம் திரும்பினாள். பேப்பர் கட்டுகளின் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை சத்தமில்லாமல் நடந்து போய், ஆம்லெட் கல்லுக்குக் கீழே உட்கார்ந்தது.

லீனா அப்பாவின் போனை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பார்த்தாள். பெட்டியைத் தூக்குவதற்காக அட்டையில் போட்டிருந்த ஓட்டை, சுவர்ப்பக்கம் கிழிந்து பெரிதாகியிருந்தது. உள்ளே, ஒரு தடிமனான புத்தகத்தின் மேல், கண் திறக்காத நான்கு குட்டிகள்.

அவை படுத்திருந்தது நாய் வளர்ப்புப் புத்தகத்தின் மேல்.

"டாடி!" என்று லீனா கத்தப் போனாள். குட்டிகளைப் பார்த்ததும் சத்தம் பாதியில் சிறிதாகிவிட்டது. "டாடி, உங்க மூணு கிலோ ஐம்பது கிராம் ஆம்லெட்டுக்குக் காத்துட்டு இருக்கு."

அப்பா பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு டீச்சருக்குப் போன் போட்டார்.

"மேடம், பெட்டிக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு."

"நான் கட்டின பெட்டிக்குள்ளயா? நல்லாயிருக்கு சார் கதை. நூலகத்துக்கு எழுதிக் குடுங்க." போன் வைக்கப்பட்டது.

"குட்டிங்களை எடுத்து வெளியே வெச்சிடலாமா?" என்றார் அப்பா.

"ஐயோ அண்ணா, மனுஷன் கை பட்டா தாய் திரும்பிக்கூடப் பாக்காது" என்றார் நாகேஷ்.

"எங்க அத்தை வீட்டுப் பூனை குட்டியை நாங்க தினம் தூக்குவோம். ஒண்ணும் ஆகலையே" என்றார் அப்பா.

"அது வீட்டுப் பூனை. இது ரோட்டுப் பூனை."

"பூனைக்கு அட்ரஸ் பாத்தா குணம் வரும்?"

யார் சொல்வது சரி என்று லீனாவுக்குத் தெரியவில்லை. டாக்டரின் புத்தகங்களில் நிச்சயம் பதில் இருக்கும். ஆனால் அவை பூனைக்கு அடியில் இருந்தன. அதற்கு மேல் டீச்சரின் கையெழுத்து இருந்தது.

"தொட வேண்டாம் டாடி. முடிச்சையும் தொட வேண்டாம். மிஸ் வந்து அவங்களே பாக்கட்டும்."

சனிக்கிழமை டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராகத் தராசுக்குப் போனார். 25.050.

"எங்கே சார் உங்க பூனை? சத்தமே இல்லையே?"

அப்பா பெட்டியை ஆட்டக் கை நீட்டினார். லீனா குறுக்கே போய் நின்றாள்.

"ஆட்டாதீங்க டாடி, குட்டிங்க விழுந்துடும். மிஸ், ஒரு நிமிஷம் நம்பரையே பாருங்க. நாகேஷ் அங்கிள், ஒரு ஆம்லெட்!"

டகடகடக.

எண் இறங்கியது. 22.000. பூனை வெளியே வந்து, டீச்சரின் செருப்பை ஒரு தடவை முகர்ந்துவிட்டு நாகேஷிடம் போனது. டீச்சர் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார்.

"அய்யய்யோ, நாலு!" என்றார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "சாரி சார். நான் உங்களை என்னென்னமோ நினைச்சுட்டேன்."

"நானே என்னை என்னென்னமோ நினைச்சுட்டேன் மேடம். உங்களைச் சொல்லி என்ன?"

"ஆனா திங்கட்கிழமை நூலகம் திறக்கணுமே. இப்ப எப்படிப் புத்தகத்தை எடுக்கறது?"

எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள். லீனாவும் பார்த்தாள். குட்டிகளைத் தொடக் கூடாது. ஆனால் குட்டிகள் இருப்பது புத்தகத்தின் மேல்.

"மிஸ், நீங்களே கயிறைப் பிரிங்க. நாய்ப் புத்தகத்தைத் தட்டு மாதிரி தூக்கிக்கலாம். மத்த புத்தகத்தை எடுத்துட்டு, அதே உயரத்துக்குப் பழைய பேப்பரை அடுக்கி, தட்டை அதே இடத்தில வெச்சிடலாம். அதே பெட்டி, அதே ஓட்டை, அதே வாசனை. அங்கிள், அதுவரைக்கும் பூனையைப் பிடிச்சு வெக்கணும்."

"பிடிச்சா பிராண்டும்மா."

"கையால இல்ல அங்கிள். இன்னொரு முட்டையால."

டீச்சர் முடிச்சைப் பிரித்தார். லீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நாய்ப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். குட்டிகள் "ம்யீ" என்றன. அப்பா புத்தகங்களை அள்ளினார். டீச்சர் செய்தித்தாள்களை அடுக்கினார். புத்தகத் தட்டு பழைய இடத்தில் உட்கார்ந்தது. மூடியை மெல்லச் சாத்தினார்கள். 15.500 என்றது தராசு.

பூனை திரும்பி வந்தது. பெட்டியைச் சுற்றியது. முகர்ந்தது. பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்து முன்காலை நக்க ஆரம்பித்தது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். 15.500.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் நாகேஷ் மெதுவாக.

லீனா தராசின் பக்கத்தில் போய்க் குந்தினாள். தப்பாகச் செய்துவிட்டோமோ? நல்லது என்று நினைத்துத்தானே செய்தோம்? அது பூனைக்கு எப்படித் தெரியும்? அவள் பூனையைப் பார்க்கவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண் துடித்தது.

18.550.

நான்கு பேரும் சத்தமில்லாமல் கை தட்டினார்கள். ஆட்டோக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தலையைச் சொறிந்தார்.

புத்தகங்களைத் தொங்கு தராசில் தவணை தவணையாக நிறுத்தார்கள். பத்தொன்பதரை கிலோ வந்தது. டீச்சர் விரல் விட்டு எண்ணினார்.

"நாய்ப் புத்தகம் ஒரு கிலோ நூறுன்னு வெச்சாலும், இன்னும் எண்ணூறு கிராம் எங்கே சார்?"

அப்பா இருமினார். "அது பெட்டி மேடம்."

"அட்டைப் பெட்டிக்கும் இருபத்தெட்டு ரூபா ரேட்டா?"

"எடை சரியாத்தானே சொன்னேன்? எதோட எடைன்னு நீங்க கேக்கலையே."

டீச்சர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "அடுத்த மாசம் முதல்ல பெட்டியைக் காலியா நிறுத்துடுவேன், பாத்துக்குங்க."

அடுத்த மாசம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் கை தானாகச் சாப்பாட்டு டப்பாவைத் தேடிப் போனது. வாய் நிறையச் சோறோடு அவர் சொல்லச் சொல்ல, லீனா பில் எழுதினாள்:

புத்தகம்: 19 கிலோ 500 கிராம். ரொக்கம் வந்தது.

பெட்டி: 800 கிராம். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. தள்ளுபடி.

பூனை: 3 கிலோ 50 கிராம். குட்டி நான்கு: 600 கிராம். விற்பனைக்கு இல்லை.

பாக்கி: நாய்ப் புத்தகம் ஒன்று, 1 கிலோ 100 கிராம். மேலே படுத்திருப்பவர்கள் எழுந்து போனதும் தரப்படும்.