என்னுரையின் இரண்டாம் பக்கம்

இருபத்தைந்து பிரதிகளில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

பார்சலின் டேப்பைக் கத்தரிக்கோலால் கீறி, புத்தகங்களை ஐந்தைந்தாகச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அது ஷோபனாவின் விரல்களில் தட்டுப்பட்டது. அடுக்கின் நடுவில் இருந்த பிரதி. அதற்கு மேலே இருந்ததும் கீழே இருந்ததும் காய்ந்து, புது மையும் பசையும் கலந்த வாசனையோடு மொறமொறப்பாக இருந்தன. ஜனவரி மாதம். ஊரில் மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உதடு வெடிக்கிற குளிர். பிரித்துப் பார்த்தாள். நாவலின் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முன்னால் இருந்த என்னுரையின் இரண்டாம் பக்கம் மட்டும் ஊறிப்போய், தொட்டால் கையோடு வந்துவிடும்போல் இருந்தது. முகர்ந்தாள். சேற்றுத் தண்ணீர் வாசனை.

அதைப் பால்கனிச் சுவர்மேல் வெயிலில் விரித்து வைத்துவிட்டு வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வாசனை போகவில்லை.

நாளைக் காலை பத்தரை மணிக்கு வெளியீட்டு விழா. தமிழ்ச் சங்கத்தின் ஹாலில் அறுபது நாற்காலிகள். நீலப் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருந்தாள். வரவேற்புரையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதுவரை எல்லாம் பேசியாகிவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஐந்து நிமிடம் வாசிப்பதற்கு ஒரு பகுதியைத் தேர்ந்து, வாய்விட்டுப் படித்துப் பழக வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை ஆரம்பித்தாள். மூன்று முறையும் முதல் வரியிலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

சென்னையிலிருந்து முந்நூறு பிரதிகளோடு வந்து காளிகாட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த பதிப்பாளர் பரமசிவம் மதியம் மறுபடி அழைத்தார்.

“மேடம், நாவலை விடுங்க. என்னுரையை வாசிங்க. அந்த ரெண்டாம் பக்கம். ஹால்ல ஒருத்தர் கண்ணு காயாது.”

“அது வேண்டாமே சார்.”

“என்ன வேண்டாம்? அதைப் படிச்சுட்டுத்தான் ரெண்டு பத்திரிகையில பேட்டி கேட்டிருக்காங்க. கதைன்னா கதைன்னு போயிருவான். நடந்ததுன்னா நிப்பான். நான் முப்பது வருஷமா புஸ்தகம் போடுறேன், எனக்குத் தெரியாதா?”

என்னுரை இல்லாமல் அவர் எந்தப் புத்தகமும் போட்டதில்லை. நாவலில் என்ன வேண்டுமானாலும் இட்டுக் கட்டலாம். அதற்கு முன்னால் வரும் அந்த மூன்று பக்கத்தில் எழுதுகிறவர் தன் சொந்தப் பெயரில் பேசுகிறார்; கீழே ஊர், தேதி போட்டுக் கையெழுத்தும் வைக்கிறார். வாசகர்கள் அதை அப்படியே நம்புவார்கள். ஷோபனாவும் அப்படி நம்பித்தான் வளர்ந்தவள்.

அவள் எழுதியிருந்தது இதுதான். பக்கவாதத்தில் விழுந்த அவளுடைய அம்மா கல்யாணியை சுப்ரியா என்கிற வங்காளி ஆயா மூன்று வருடம் பார்த்துக்கொண்டாள். ஊரடங்கில் ரயில் நின்றபோது வீடு திரும்ப முடியாமல் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மீட்டர் அறையில் படுத்துக்கொண்டாள். அந்த மே மாதத்துப் புயலன்று இந்த லேக் கார்டன்ஸ் பகுதி முழுவதும் தண்ணீர் ஏறியது. மீட்டர் அறையும் மூழ்கியது. சுப்ரியா பின்பக்கத்து இரும்புச் சுழல்படியில் இரண்டு மாடி ஏறிவந்து, குளியலறையின் பின்கதவைத் தட்டினாள். ‘நான் திறந்தேன். விடியும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது.’

கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவிர எல்லாம் நடந்தது.

அந்தக் கதவில் நடந்தது வேறு. சுப்ரியா அதற்கு முந்தின நாள் இருமியிருந்தாள். அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். ஷோபனா இருட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டும் சத்தம் நிற்கிறவரை நின்றாள். மறுநாள் காலையில் படிக்கட்டின் அடியில், அறுந்து விழுந்த மின்கம்பிக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில் சுப்ரியா குப்புறக் கிடந்தாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குள் இருந்தது அம்மா மட்டும்தான். அவளுக்கும் தெரியும்.

நாலரை மணிக்கே வெளிச்சம் பழுத்து, தெருவின் புகையும் பனியும் சேர்ந்து ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஒரு அழுக்குத் துணிபோலத் தொங்க ஆரம்பித்தது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் ஊதிக்கொண்டு போனது. ஈரப் பிரதியை எடுக்க ஷோபனா பால்கனிக்குப் போனாள். சுவர்மேல் அது இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள். இல்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிரதி அவள் மடியில் இருந்தது. போர்வையில் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது.

“இதை யாரும்மா இங்க கொண்டுவந்தா?”

கல்யாணி நிமிரவில்லை. வலது கையின் ஒரு விரலை வரிகளுக்கு அடியில் நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு எட்டு வருடமாக அந்தக் கட்டிலைவிட்டு அவள் தானாக இறங்கியதில்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்க,” என்றாள். ஒரு பக்கம் கோணிய வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. “நீ தொறந்தியாம்லா. மடியில போட்டுக்கிட்டியாம்லா.”

“கதைம்மா அது.”

“கதைக்கு எதுக்குட்டி கையெழுத்து?”

“யாரு கொண்டுவந்து குடுத்தான்னு கேக்கேன்.”

“அவதான். படிச்சிட்டாளாம். எங்கிட்டக் காட்டணும்னு சொன்னா.”

“யாரு?”

அம்மா முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். அன்பில்லாத சிரிப்பு. “அவளுக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சுத்தான எழுதுன?”

ஷோபனா புத்தகத்தைப் பிடுங்கினாள். போர்வையை உருவிச் சுருட்டினாள். ஈரத்துணியைக் கொண்டுபோய் குளியலறையில் போட வேண்டும். போகாமல் கூடத்தில் நின்றாள். ஏனென்றால் அப்போது கட்டடத்தின் பின்பக்கமிருந்து, இரும்பின்மேல் ஈரக்கால் வைத்து எடுக்கும் சத்தம் கேட்டது. ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒரு படி. நிதானமாக அடுத்த படி. அந்தப் படிக்கட்டை யாரும் பயன்படுத்துவதில்லை. துப்புரவுக்கு வருகிறவர்கள்கூட இப்போது முன்வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். கீழ்வீட்டில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். கழுவுகிறவர்கள் இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நின்று மூச்சு வாங்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

அக்கம்பக்கத்து வீடுகளில் அந்த ஊர் வழக்கப்படி அந்திச் சங்கு ஊதத் தொடங்கினார்கள். ஒரு வீடு, அடுத்த வீடு. சங்கொலி ஓய்ந்தபோது காலடிச் சத்தமும் ஓய்ந்திருந்தது.

பிறகு தட்டும் சத்தம்.

பலமாக இல்லை. உள்ளங்கையால், ஈரக் கையால், மூன்று முறை.

ஷோபனா போனை எடுத்தாள். பரமசிவத்தை அழைத்தாள்.

“சார், அந்த ரெண்டாம் பக்கத்தை எடுத்துடலாமா?”

பரமசிவம் சிரித்தார். “முந்நூறும் பைண்ட் ஆகி என் கட்டிலுக்கு அடியில கெடக்கு மேடம். பிளேடு வெச்சுக் கிழிக்கச் சொல்றீங்களா?”

“கிழிச்சுடுங்க.”

எதிர்ப்பக்கம் குரல் மாறியது. “என்ன விஷயம்? அதுல எழுதினது பொய்யா? பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்க. பேட்டியெல்லாம் நிறுத்திடறேன். என் பேரும் சேர்ந்துல்ல நாறும்.”

பின்கதவில் மறுபடி மூன்று தட்டு. இந்த முறை போனிலும் கேட்டிருக்க வேண்டும். “யாரோ வந்திருக்காங்க போல,” என்றார்.

அவள் அறுபது நாற்காலிகளை நினைத்தாள். நீலப் புடவையை. ஐந்து வருட உழைப்பை. ஒரே ஒரு சொல் போதும்.

“இல்ல சார்,” என்றாள். “எல்லாம் உண்மைதான். சும்மா பதட்டம். நாளைக்குப் பார்க்கலாம்.”

போனை மேசையில் வைத்தாள். வைத்த அதே நொடியில் தட்டுவது நின்றது. யாரோ காதைக் கதவில் வைத்து அந்தப் பதிலுக்காகவே காத்திருந்ததுபோல.

“தொற,” என்றாள் அம்மா அறைக்குள்ளிருந்து. “நீதான் தொறப்பேன்னு எழுதிக் குடுத்திருக்கேல்லா. தொற.”

குளியலறை விளக்கைப் போட்டாள். வாளி. குவளை. பின்கதவு. பச்சை பெயின்ட் உரிந்த பழைய கதவு. அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் உள்ளே கசிந்து, தரையின் சரிவுக்கு எதிராக, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாள்மேல் கை வைத்தாள். அந்தக் குளிர்ந்த இரும்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போது ஒரு எண்ணம் வந்தது. எளிய எண்ணம். இப்போது திறந்துவிட்டால் எழுதினது உண்மையாகிவிடும். தாமதமாகத் திறந்தாள் என்று ஆகும், அவ்வளவுதான். நாளை வாசிக்கலாம். புத்தகத்தை மூட வேண்டியிருக்காது.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே யாரும் இல்லை. இரும்புத் தளம் காய்ந்து தூசி படிந்து கிடந்தது. குளிர்காற்று. எதிர்வீட்டுச் சமையலறையில் கடுகெண்ணெய் புகைந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வெளியே வைத்துக் கீழே எட்டிப் பார்த்தாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே.

“அம்மா?”

தட்டினாள். கையால். பிறகு முட்டியால். எதிர்வீட்டு விளக்கு அணைந்தது. தெருவிளக்கும். ஊரின் சத்தம் எல்லாம் ஒரேயடியாக வடிந்துபோய், கீழே எங்கோ ஆழத்தில் தண்ணீர் நகரும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. குனிந்து பார்த்தாள். படிக்கட்டின் அடிச்சுற்று தெரியவில்லை. கருப்பாக ஏதோ மினுங்கியது. இரண்டாம் சுற்றும் தெரியவில்லை.

“நான் தொறக்கலம்மா!” கத்தினாள். “அன்னைக்கு நான் தொறக்கல! பொய்யி எழுதிட்டேன்! தொறம்மா!”

உள்ளே போன் அடித்தது. அவளுடைய போன். ஒருமுறை. இருமுறை. யாரோ எடுத்தார்கள்.

“சொல்லுங்க சார்,” என்றது ஒரு குரல்.

ஷோபனாவின் குரல்.

“ஆமா சார். ரெண்டாம் பக்கமே வாசிக்கறேன்.”

அவள் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். பாதத்தில் ஏதோ பட்டது. குளிர். கணுக்கால்வரை வந்துவிட்டது. அதே சேற்று வாசனை.

“யாருட்டி அது, பின்னால தட்டுறது?” அம்மாவின் குரல் கேட்டது.

“யாரும் இல்லம்மா. காத்து.”

காலடிகள் நெருங்கின. குளியலறைக்குள். கதவுவரை. நின்றன.

தாழ்ப்பாள் இரும்பின்மேல் ஒரு கை படியும் சிறு சத்தம். இழுக்கவில்லை. வெறுமனே வைத்திருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு ஏறி இறங்கியது. பயந்த மூச்சு. அவளுக்குத் தெரிந்த மூச்சு. அது எவ்வளவு நேரம் அப்படி நிற்கும் என்பதும் தெரியும்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

கதவின் இடுக்கில் விளக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், இரண்டு பாதங்களின் நிழல். அசையவில்லை.