ஏந்தாத மடி

வரட்டும். வந்து இந்தத் தரையில் உட்காரட்டும். பலகை இருந்தும் நான் எடுத்துப் போடப் போவதில்லை. தண்ணீர் கேட்டால் கிணறு அங்கே இருக்கிறது என்று கையைக் காட்டுவேன். அழுதால், பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் அழுதபோது அவள் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரியே...

மனத்துக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டே நல்லம்மாள் தொட்டிலை ஆட்டினாள். சுங்கை சிப்புட்டை அடுத்த அந்தத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் பழைய சேலைகளில் கட்டிய தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ரப்பர் மரம் வெட்டப் போகும் பெண்கள் இருட்டோடு வந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரவு பெய்த மழையில் மரங்களிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னாக்கா, தலையெல்லாம் எண்ணெய் மினுங்குது, வெளுத்த சேலை வேற! யாரும் பொண்ணு பாக்க வாராங்களா?" கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்த வீரம்மா சிரித்தாள்.

"வாயை மூடிக்கிட்டுக் கஞ்சியைக் கிண்டு. அடிப்பிடிக்குது."

கோபம் வீரம்மாவின் மேல் இல்லை, தன் மேல்தான். ஈப்போவிலிருந்து மங்களம் வருகிறாள் என்று நேற்றுத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆள் விட்டுச் சொன்னார். அதற்காகவா விடியுமுன் குளித்தேன்? அவளுக்காகவா இந்தச் சேலை? இல்லை. கூட அவனும் வரக்கூடும் என்று நினைத்துத்தான். அந்த நினைப்பை அடித்து விரட்ட முடியாத தன் மனத்தை அவள் வெறுத்தாள்.

செம்மண் சாலையில் மோட்டார் வண்டியின் சத்தம் கேட்டது.

முதலில் மங்களம் இறங்கினாள். உடம்பு பருத்திருந்தது, நடையில் மட்டும் அந்தப் பழைய அதிகாரம் குறையவில்லை. கையில் மூடி போட்ட மூங்கில் கூடை. அவளுக்குப் பின்னால் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், கக்கத்தில் குடையோடு வந்தார். கடைசியாக, வெள்ளைக் கால்சட்டையும் கோட்டுமாக ஒரு இளைஞன்.

நல்லம்மாள் அவன் மூக்கைத்தான் பார்த்தாள். பிள்ளை தங்க வேண்டும் என்று குழந்தையில் குத்திய துளை தூர்ந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பிச்சை. அவள் வைத்த பெயர். ஊருக்கு அவன் இப்போது ஜெயபாலன்.

"நல்லாருக்கியா நல்லம்மா?"

"இருக்கேன்க்கா."

பலகையை வீரம்மாதான் கொண்டுவந்து போட்டாள். அதில் குமாஸ்தா உட்கார்ந்தார். மங்களம் நின்றாள். நல்லம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

"பய சீமைக்குப் போறான்டி. டாக்டர் படிப்பு. லண்டன்ல எடம் கெடச்சிருச்சு. அடுத்த மாசம் பினாங்குல கப்பல்."

"நல்லாப் போயிட்டு வரட்டும். அதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? கப்பல் இந்தத் தோட்டத்து வழியாப் போகாதேக்கா!"

வீரம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள். மங்களத்தின் முகம் கறுத்தது.

குமாஸ்தா கனைத்துக்கொண்டார். "அம்மா, நான் விளக்கமாச் சொல்லிறன், கேளுங்கோ. கப்பல் ஏறப் பாஸ்போர்ட் வேணும். தம்பிக்கு இன்னும் இருபத்தொரு வயசாகேல்லை. தாயோ தேப்பனோ வந்து துரைக்கு முன்னாலை சத்தியம் பண்ணி ஒப்பம் வைக்க வேணும். பிறப்புப் பதிவிலை தேப்பன் சின்னையா எண்டு கிடக்குது. அவர் செத்துப் போனார். தாய் எண்டு உங்கடை பேர் கிடக்குது. பெத்த இவவின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை."

அது எப்படி இல்லாமல் போனது என்று நல்லம்மாளுக்கும் மங்களத்துக்கும் நன்றாகத் தெரியும்.

மங்களம், நல்லம்மாளின் கணவன் சின்னையாவின் அண்ணன் இராமசாமியின் மனைவி. அவளுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் மாதம் திரும்புமுன் செத்துப்போயின. நான்காவது பிறந்தபோது, பெற்றவளின் பெயரில் இருந்தால் இதுவும் தங்காது என்று சாமியாடி சொன்னார். அந்த மாதம்தான் நல்லம்மாளும் தன் முதல் பிள்ளையைப் புதைத்திருந்தாள். மார்பில் பால் கட்டி, காய்ச்சலில் கிடந்தாள். ஒரு படி தவிட்டை மங்களத்தின் மடியில் கொட்டிவிட்டு அந்தக் குழந்தையை அவள் விலைக்கு வாங்கினாள். எமனை ஏமாற்ற வேண்டுமானால் அரைகுறையாக ஏமாற்றக் கூடாது என்று இராமசாமியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தம்பியையும் தம்பி மனைவியையும் பெற்றோராகப் பதிந்துவிட்டு வந்தார். ஏழு வயது தாண்டியதும் வாங்கியவளின் மடியில் அந்தத் தவிட்டைத் திருப்பிக் கொட்டி, ஒரு சேலையும் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வது என்பது பேச்சு.

"நான் வந்து என்னான்னு சத்தியம் பண்ணணும்?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

"இந்தப் பிள்ளையை நான் பெறேல்லை, எனக்கு இவனிலை ஒரு உரித்தும் இல்லை, தாய் மங்களம்தான் எண்டு. கடதாசி அடிச்சுக் கொண்டந்திருக்கிறன். விரலை வைச்சாக் காணும்."

ஒரு உரித்தும் இல்லை. நல்லம்மாள் அந்தச் சொற்களை மெதுவாக மென்றாள்.

"வேற வழி கெடையாதுங்களா?"

குமாஸ்தா மங்களத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "இருக்குது... நீங்கள் தாய் எண்டே ஒப்பம் வைச்சாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். அதுதான் லேசான வழி எண்டு நான் அப்பவே சொன்னனான். இவ கேக்கிறா இல்லை."

"எப்படிய்யா கேப்பேன்?" மங்களம் வெடித்தாள். "பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! எம்புள்ள இன்னொருத்தி மவனாக் கப்பல் ஏறுவானா? ஊரு சிரிக்காது? இவளுக்கு என்னாய்யா நஷ்டம்? ஒரு விரலு!"

இப்போது அவன் பேசினான். பதினொரு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல். தடித்து, வேறு யாருடையதோ போல இருந்தது.

"சின்னம்மா... அன்னிக்குத் தவிடும் சேலையும் வாங்கிக்கிட்டுத்தான என்னை விட்டீங்க? இப்ப ஒரு விரல் வைக்க மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?"

நல்லம்மாளின் கை தொட்டில் கயிற்றிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கேள்வி முன்பும் ஒருமுறை அவன் வாயிலிருந்து அவள் காதில் விழுந்திருக்கிறது. அவனுக்கு ஒன்பது வயது. பார்க்காமல் இருக்க முடியாமல், ரம்புத்தான் பழங்களை முந்தானையில் முடிந்துகொண்டு ஈப்போவுக்குப் போய், புந்தோங் பகுதியில் மங்களத்தின் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். 'நீ ஏன் என்னைச் சேலைக்கு வித்துட்ட?' என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டான். பழங்களை அங்கேயே படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அவன் தாயைப் பொய்க்காரி என்று சொல்ல அன்று அவளுக்கு நாக்கு வரவில்லை. அந்த ஊமைத்தனத்துக்கு விலையாகத்தான் இத்தனை வருஷம் ஒவ்வொரு காலையும் மனத்துக்குள் மங்களத்தைத் தரையில் உட்கார வைத்து அழவிட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று அவன் ஒன்பது வயதுப் பிள்ளை இல்லை.

"அந்தக் கூடையில என்னாக்கா கொண்டாந்திருக்கீங்க?"

மங்களம் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "பலகாரம்... பிள்ளைங்களுக்கு..."

"பலகாரத்துல தவிட்டு வாசம் வருமா? தொறங்க. தம்பி பாக்கட்டும்."

"நல்லம்மா, வேணாம்..."

"தொறங்கக்கா."

குரல் உயரவில்லை. ஆனால் மங்களத்தின் கை தானாக மூடியை எடுத்தது. உள்ளே மடிப்புக் கலையாத பட்டுச் சேலை. அதன் மேல் பித்தளைப் படி; தலைதட்டிய தவிடு.

அவன் குனிந்து பார்த்தான். "இது எதுக்கும்மா?"

மங்களம் மூடியைத் திரும்பப் போடப் பார்த்தாள்.

"அன்னிக்கே குடுத்துட்டேன்னீங்க. திரும்ப எதுக்கு?"

அவன் தாயின் முகத்தையும் படியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்ல, "வாங்கலையா... சின்னம்மா வாங்கவே இல்லையா?" என்றான்.

"நான் மடி ஏந்தல," என்றாள் நல்லம்மாள். "உங்கப்பன் சின்னையாவுக்குக் கருமாதி முடிஞ்ச மறுநாளு. புருசனை முழுங்கினவகிட்டப் புள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்லி உன்னைத் தூக்க வந்தாங்க. முந்தானையை இழுத்துச் சொருவிக்கிட்டு நின்னேன். கொட்டுன தவிடு வாசல்ல செதறிச்சு. கோழிங்க கொத்தித் தின்னுச்சு. நீ ஈப்போ போற மாட்டு வண்டியில கெடந்து ஆத்தா ஆத்தான்னு கத்துன. இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது. ஆனா உங்கம்மாவுக்கு இருக்கு. இருக்கப்போயித்தான், சாமி குத்தமாயிரும்னு பயந்து, சத்தியம் பண்றதுக்கு முன்ன இதைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க!"

யாரும் சொல்லாமலே மங்களம் தரையில் உட்கார்ந்தாள்.

இதோ, உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள். இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த காட்சி ஒன்று குறையாமல் கண் முன்னே இருக்கிறது. நல்லம்மாள் அதை ருசித்துப் பார்த்தாள். இனித்தது. இல்லை என்று பொய் சொல்ல அவளால் முடியாது. ஆனால் போதவில்லை.

"ஆமாண்டி, பொய்தான் சொன்னேன்!" மங்களம் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஏழு வருசம்! மாருல பால் கட்டி, துணியைச் சுத்திக்கிட்டுக் கெடந்தேன். சுவத்துக்கு அந்தாண்ட எம்புள்ள உன்னை ஆத்தாங்குறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அள்ளிக்கிட்டு வந்த பொறவும் ராத்திரியில உன்னைக் கேட்டுத்தான அழுதான்... அதான் சொன்னேன். உன்னை வெறுத்தாத்தான என்னைப் பாப்பான்! இப்பவாச்சும் அவனை எங்கிட்டக் குடுத்துருடி..."

அது பொய்யில்லை என்று நல்லம்மாளுக்குத் தெரியும். அந்த நாட்களில் மெல்லிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மங்களம் விழித்திருக்கிறாள் என்று தெரிந்தும், வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கத்தானே தாலாட்டுப் பாடினாள்? இரக்கம் நெஞ்சுக்குழி வரை வந்தது. அங்கேயே நின்றது.

"அக்கா, அன்னிக்கு இவன் உசிருக்கு எம்பேரு வேணும்னீங்க. பெத்தவ பேருல இருந்தாத் தங்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்பக் கடலு தாண்டிப் போறான். பனியாம், குளிராம். முன்னப் பின்னத் தெரியாத ஊரு. இந்த நேரத்துல பேரை மாத்தணுமா? நீங்களே சொல்லுங்க."

மங்களத்தின் அழுகை சட்டென்று நின்றது. அவள் கண்களில் செத்துப்போன மூன்று பிள்ளைகளும் வந்து நின்றதை நல்லம்மாள் பார்த்தாள். பழி என்பது இதுதான். அவள் கட்டிய கயிற்றாலேயே அவளைக் கட்டுவது. அந்தக் கயிற்றின் மறுமுனையில் தன் மனமும் அதே பயத்தில் கட்டுண்டு கிடப்பதை நல்லம்மாள் யாருக்கும் காட்டவில்லை. குளிர் என்று சொன்னபோது தன் முதுகு சிலிர்த்ததையும்தான்.

"குமாஸ்தாய்யா, ஈப்போவுக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க. கோர்ட்டோ, தொரையோ, வாரேன். நான்தான் தாயின்னு விரல் வைக்கிறேன். இந்தக் கடுதாசியில வைக்க மாட்டேன்."

"நல்லது அம்மா. மற்றக் கடதாசி அடிக்க அரை மணித்தியாலம் காணும்," என்றார் குமாஸ்தா. அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

மங்களம் படியை இரண்டு கைகளாலும் தூக்கினாள். தவிடு தரையில் சிந்தியது. "கடுதாசி எப்படியும் போவட்டும்டி. உம்பேருலயே போவட்டும். இதை மட்டும் வாங்கிக்க. சாமிக்கு முன்னாடியாச்சும் அவன் எம்புள்ளையா இருக்கட்டும். உன் கால்ல விழுறேன்..."

நல்லம்மாள் தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது அவன் அருகில் வந்தான். வெள்ளைக் கால்சட்டையோடு, சாணம் மெழுகிய அந்தத் தரையில் மண்டியிட்டான். அவள் கையைத் தயங்கித் தொட்டான்.

"ஆத்தா..."

அந்தச் சொல். எத்தனையோ பெண்களின் பிள்ளைகள் இந்தக் கொட்டகையில் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து, வேறு முகம் கண்டு, கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

"என்னை மன்னிச்சிரு ஆத்தா. தெரியாமப் பேசிட்டேன். ஆனா அம்மாவைப் பாரு... பாவம். எனக்காக வாங்கிக்க. நான் எங்க போனாலும் உன்னை மறக்க மாட்டேன். வாங்கிக்க ஆத்தா."

அவன் கண்ணில் நீர் நின்றது. நல்லம்மாள் விரலை நீட்டி அவன் மூக்கிலிருந்த அந்தப் புள்ளியைத் தொட்டாள். இத்தனை வருஷம் காத்திருந்த சொல், இப்போது தன்னையே விட்டுக்கொடு என்று கேட்டுக்கொண்டு வருகிறது. ஆத்தா என்று அழைக்கவும் விலகச் சொல்லவும் ஒரே வாயால் முடிகிறதே இவனுக்கு! சிறு பிள்ளைதான் இன்னும்.

தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது. எழுந்து அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தொங்கிய முந்தானையை மற்றொரு கையால் இழுத்து இடுப்பில் இறுகச் சொருகினாள்.

"வேணாம்யா," என்றாள் அவனைப் பார்த்து, மிக மெதுவாக. "அதை மட்டும் வாங்க மாட்டேன்."

பிறகு கஞ்சி ஆறிவிட்டதா என்று வீரம்மாவிடம் கேட்டாள்.